விரலுக்குத் தக்க வீக்கம்: ஆண்டிஸ் தாண்டிய படையும் லண்டன் கடனும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் வேலையில் பாதியை முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் பேராசிரியர் பெருந்தகை அவர்களே, ஓய்வுபெற்ற கருவூல அலுவலர் ஐயா அவர்களே (கணக்குப் பேசப் போகிறேன், பிழையிருந்தால் அங்கிருந்தே கை தூக்குங்கள்), பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த விழாக் குழுவினரே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஸ்பெயின் ஆண்ட அமெரிக்க நாடுகளைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். போரை எப்படி வென்றார்கள், எல்லையை எப்படி வகுத்தார்கள், கஜானாவை எப்படி நடத்தினார்கள். மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும்: விரலுக்குத் தக்க வீக்கம்.

1808இல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னர் ஏழாம் பெர்டினாண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் ஏற்றினார். மன்னரே சிறையில் இருந்தால் ஆளுநர் யாருடைய ஆள்? இந்தக் கேள்வி 1810 ஏப்ரலில் இன்றைய வெனிசுவேலாவின் கராக்கஸிலும், மே மாதம் இன்றைய அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸிலும், செப்டம்பரில் மெக்சிகோவின் டொலோரெஸிலும் வெடித்தது. முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணில் பிறந்த ஸ்பானிய வம்சத்தார், கிரியோல்கள் என்பார்கள். நிலமும் பணமும் அவர்கள் கையில். பெரிய பதவியோ ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவனுக்கு. விடுதலை யாருக்கு வந்தது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அதைப் பேராசிரியர் விரிப்பார்.

போருக்கு வருவோம். ஸ்பெயினின் கோட்டை போல நின்றது பெருவின் தலைநகர் லிமா. புவனோஸ் அயர்ஸ் படைகள் மேல் பெரு (இன்றைய பொலிவியா) வழியாக அங்கே போகப் பார்த்து மீண்டும் மீண்டும் தோற்றுத் திரும்பின. அந்தப் பக்கத்துத் தளபதி ஹோசே டி சான் மார்ட்டின் வேறு கணக்குப் போட்டார். ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டிச் சிலியைப் பிடிப்பது, அங்கிருந்து கடல் வழியாக லிமா. 1814இல் மலையடிவாரத்து மென்டோசாவில் ஆளுநராக வந்து உட்கார்ந்தார்.

கையில் இருந்தது என்ன? திராட்சைத் தோட்டம், மாடு, கோவேறு கழுதை. அதை வைத்தே ஏற்பாடு நடந்தது. லூயிஸ் பெல்ட்ரான் என்ற பிரான்சிஸ்கன் துறவி ஆயுதப் பட்டறைக்குத் தலைவரானார். அடித்த மாட்டின் இறைச்சி உப்புக்கண்டம் ஆனது; அதை இடித்துக் கொழுப்பும் மிளகாயும் சேர்த்துக் கட்டி வைத்தார்கள். மலையில் வெந்நீரும் வறுத்த சோள மாவும் கலந்தால் சாப்பாடு. அதே மாட்டின் கொம்பு தண்ணீர்க் குடுவை. தோல் துண்டில் உள்ளே கம்பளி வைத்துத் தைத்தால் செருப்பு. உயரத்தில் மூச்சு முட்டினால் கடிக்கப் பூண்டும் வெங்காயமும். புல்வெளியில் லாடம் இல்லாமலே ஓடிய விலங்குகளுக்குப் பாறையில் குளம்பு தேயும் என்பதால் ஆயிரக்கணக்கில் லாடம் அடித்தார்கள். பீரங்கிகளைக் கம்பளியும் தோலும் சுற்றி, கழிகளில் தொங்கவிட்டுச் சுமந்தார்கள்.

எல்லாம் மென்டோசாவில் கிடைத்துவிடவில்லை. மிச்சத்துக்குத் தலைநகர் புவனோஸ் அயர்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம். அங்கே ஆட்சித் தலைவர் புவேய்ரெடோன். 1816 நவம்பரில் அவர் எழுதிய பதிலைப் படித்தால் நம் வீட்டு மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். கேட்ட 200 வாள் வருகிறது. கூடாரம் 200 வருகிறது, அதற்கு மேல் இல்லை. ஊரெல்லாம் தேடியதில் அகப்பட்ட இரண்டே இரண்டு ஊதுகொம்பு சின்னப் பெட்டியில் தபாலில் வருகிறது. உலகமே வருகிறது, பிசாசும் வருகிறது. இந்தக் கடனையெல்லாம் எப்படி அடைப்பேனோ தெரியவில்லை, திவாலானால் நானும் அங்கே வந்து, உமக்கு நான் அனுப்பும் உப்புக்கண்டத்தில் கொஞ்சம் தின்கிறேன். இன்னும் ஏதாவது கேட்டால், கோட்டை உத்தரத்தில் நான் தொங்கிய செய்திதான் உமக்கு வரும்! (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனால் அந்தக் கடிதத்தில் கடனும் இருக்கிறது, கடனுக்கு வந்த பொருளின் பட்டியலும் இருக்கிறது. விரலுக்குத் தக்க வீக்கம்.

1817 ஜனவரியில் சுமார் 5,000 பேர், 9,000க்கு மேற்பட்ட கோவேறு கழுதைகள், 1,600 குதிரைகள் மலையேறின. குளிரிலும் தீவனமின்மையிலும் கழுதைகளில் பாதிக்கு மேல் செத்தன; குதிரைகளில் 500 போல்தான் மிஞ்சின. படையில் நூற்றுக்கணக்கானோர், போரில் சேர்ந்தால் விடுதலை என்று எடுக்கப்பட்ட கறுப்பின அடிமைகள். அதையும் கணக்கில் எழுத வேண்டும். பிப்ரவரி 12 அன்று சிலியின் சாகபூகோவில் வெற்றி. 1818இல் அதே சிலியின் மைப்புவில் வெற்றி, 1821இல் லிமா கைக்கு வந்தது. வடக்கிலிருந்து வெனிசுவேலாவின் விடுதலைத் தளபதி பொலிவார் 1819இல் இன்றைய கொலம்பியாவின் போயாகாவில் வென்று இறங்கிவந்தார். 1824 டிசம்பர் 9 அன்று பெருவின் அயாகுச்சோவில் பொலிவாரின் தளபதி சூக்ரே வென்றதோடு பெரும்போர் முடிந்தது.

எல்லை பற்றிச் சொன்னேன். 1810இல் ஸ்பெயின் வைத்திருந்த நிர்வாகக் கோடே நாட்டுக் கோடு என்பது கொள்கை. மனிதர் போகாத காட்டில் அந்தக் கோடு எங்கே என்பதில்தான் சண்டை. நேரமாகிறது என்று தலைவர் மணியைத் தொடுகிறார், விட்டுவிடுகிறேன்.

கஜானா. அதே 1824இல் புவனோஸ் அயர்ஸ் மாகாணம் லண்டன் பேரிங் வங்கி நிறுவனம் வழியாகப் பத்து லட்சம் பவுன் (ஆங்கிலேய நாணயமான பவுண்டு) கடன் வாங்கியது. துறைமுகம், குடிநீர், புதிய ஊர்கள், இவற்றுக்கென்று. வட்டி 6 சதவீதம். 100 பவுன் பத்திரம் மக்களிடம் 85க்கு விற்றது. மாகாணத்துக்குச் சேர்ந்தது 70. இடையில் 15 தரகு. ஏழு லட்சத்திலும் வட்டிக்கும் தவணைக்கும் முன்கூட்டியே பிடித்தது போகச் சுமார் 5,70,000. அதிலும் பெரும்பகுதி தங்கமாக வரவில்லை, வணிகர் பெயரில் எழுதிய உண்டியல்களாக, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுகளாக வந்தது. ஈடு? மாகாணத்தின் நிலமும் வருமானமும். வட்டியோ முழுப் பத்து லட்சத்துக்கும்!

துறைமுகம் எழவில்லை. பணம் உள்ளூர் வணிகர்களுக்குக் கைமாற்றாகவும், பிறகு பிரேசில் போருக்கும் போனது. பிரேசில் கடற்படை ஆற்றுமுகத்தை அடைத்ததும் சுங்க வரி வற்றியது; 1828க்குள் வட்டி நின்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், லண்டனில் கடன் வாங்கிய ஸ்பானிய அமெரிக்க நாடுகள் எல்லாமே தவணை தவறின. அந்த ஒரு கடன் அடைந்தது 1904இல். வாங்கியவர், கொடுத்தவர் யாரும் அப்போது உயிரோடு இல்லை. விரல் எவ்வளவு, வீக்கம் எவ்வளவு!

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. புவேய்ரெடோனும் கடன்பட்டார். பொதுக்கடன் கணக்கை வெளியில் வைக்கச் சொல்லும் எங்கள் இயக்கம் கேட்பது சிறியது. பொதுப்பணத்தில் எந்த அமைப்பு கடன் வாங்கினாலும் ஐந்து வரி அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும்: பத்திரத்தில் உள்ள தொகை, கைக்கு வந்த தொகை, இடையில் பிடித்தது யாருக்கு, ஈடு என்ன, வாங்கிய பொருள் எங்கே. அதற்கான கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனா ஒன்றுதான், வரிசையாக வாருங்கள்.