ஒரு மைக், தெரு நெடுகப் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். நம் வேலூர்ப் பக்கம் திருவிழாவுக்குக் குறைவே இல்லை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, வேலூர் புஷ்பப் பல்லக்கு, ஆடி வந்தால் தெருவுக்குத் தெரு கூழ். மைக் செட் இல்லாத விழா உண்டா? ஆனால் மேடைக்குப் பக்கத்தில் காது கிழிகிறது, தெருக்கோடியில் வெறும் முனகல். உடனே ஆம்பிளிஃபையரைத்தான் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் ஒயரில் இருக்கிறது.

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்குவது இன்றைக்குச் சுலபம். பெருக்கியதைப் பத்து இடத்துக்குப் பிரித்துக் கொடுப்பதில்தான் சூட்சுமம்.

குடியாத்தம் பக்கம் ஒரு கூழ் விழா. நன்கொடைப் பட்டியல் படிக்கும்போது செட் நின்றுவிட்டது, வந்து பார்க்கச் சொன்னார்கள். ஆம்பிளிஃபையர் மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. “கடைசியில சத்தம் பத்தலண்ணே, அதான் இன்னும் ரெண்டு பெட்டி சேத்தேன்” என்றான் செட் போட்ட தம்பி. மொத்தம் நான்கு ஸ்பீக்கர் பெட்டி, ஒவ்வொன்றின் மின்தடையும் 8 ஓம், எல்லாம் பக்க இணைப்பில், அதாவது ஒரே இரண்டு ஒயருக்கு நடுவில் பேரலலாக. நான்கும் சேர்ந்தால் 2 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்பிளிஃபையரிலிருந்து கூடுதல் மின்சாரம் ஓடும்; அந்த ஆம்பிளிஃபையர் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. பெட்டியைக் கூட்டக் கூட்டச் சத்தம் கூடும் என்று நினைக்கிறோம். ஆம்பிளிஃபையரின் சுமைதான் கூடுகிறது.

ஒயரையும் பாருங்கள். அரை சதுர மில்லிமீட்டர் ஒயரை 100 மீட்டர் இழுத்தால், போக வர ஏறக்குறைய 8 ஓம். பெட்டியும் 8 ஓம். பாதிச் சக்தி ஒயரைச் சூடாக்கவே போய்விடும்!

அதே ஆம்பிளிஃபையரின் பின்பக்கம் ‘100 வோல்ட்’ என்று ஒரு முனை இருந்தது. பொதுக்கூட்ட ஆம்பிளிஃபையர் பலவற்றில் இருக்கும், யாரும் தொடுவதில்லை. டவுன் ரேடியோ கடையில், அந்த 100 வோல்ட்டைப் பெட்டிக்கு ஏற்றபடி இறக்கிக் கொடுக்கும் லைன் டிரான்ஸ்பார்மர் வாங்கிவரச் சொல்லி, பெட்டிக்கு ஒன்றாக மாட்டினோம். மேடைப் பக்கம் 5 வாட், தூரத்தில் 10 வாட். 10 வாட்டில் வைத்த பெட்டி லைனுக்கு 1,000 ஓமாகத் தெரியும். அதன் முன் ஒயரின் 8 ஓம் எம்மாத்திரம்? நூற்றில் ஒரு பங்கு இழப்புகூட இல்லை. கடைசிக் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த பாட்டி, “இப்பதான் பேரு படிக்கிறது காதுல விழுது” என்றார்.

மின்வாரியம் செய்வதும் இதுதான். 11,000 வோல்ட்டில் கொண்டுவந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இறக்கி வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும், ஆம்பியர் குறைந்தால் ஒயரில் இழப்பு குறையும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பெட்டிகளின் வாட்டைக் கூட்டிப் பாருங்கள், அது ஆம்பிளிஃபையரின் வாட்டைத் தாண்டக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன், கூட்டிப் பாருங்கள். கூம்புக் குழாய் போய்ப் பெட்டி வந்தாலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

அப்புறம், சத்தமான இரண்டு பெட்டியைவிடச் சின்னதாகப் பல பெட்டி நல்லது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளியிருக்கிற பெட்டியின் பேச்சு கால் நொடிக்கு மேல் பிந்தி வந்து, பக்கத்துப் பெட்டியின் பேச்சோடு குழம்பும். பக்கம் பக்கமாக, மெதுவாக வையுங்கள். பேச்சும் புரியும், தொட்டிலில் தூங்குகிற குழந்தையும் தூங்கும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, மைக் ஒலியை எடுத்துக்கொள்ள வீடியோக்காரர் லைன் கேட்பார், கேபிள்காரரும் கேட்பார். ஒரே ஒயரைக் கிள்ளி எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு தனி வெளியீடு உள்ள பகிர்வு ஆம்பிளிஃபையர் வையுங்கள். ஒருவர் ஒயர் ஷார்ட் ஆனாலும் மற்றவருக்கு ஒலி நிற்காது. ‘உம்’மென்று 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால் இடையில் ஆடியோ டிரான்ஸ்பார்மர் போடுங்கள். உறுமல் போகிறதே என்று எர்த் ஒயரைக் கழற்றிவிடாதீர்கள், மைக் பிடித்திருப்பவருக்கு ஷாக் அடிக்கும். வணக்கம்.