மெத்தையை வெயில்ல போடலாமா?

எல்லாருக்கும் வணக்கம். நம்ம மண்டபம் ஊர்ல 25 வருஷமா மெத்தை தைக்கிறேன், மைக் முன்னால உக்காந்து பேசுறது இதான் முதல் தடவை, திக்குனா பொறுத்துக்குங்க.

இப்ப கடைக்கு வர்ற பிள்ளைக போனை நீட்டி "அண்ணே, இது ஆர்கானிக் மெத்தையாம், வாங்கலாமா"ன்னு கேக்குதுக. உள்ள என்னப்பா இருக்குன்னு கேட்டா முழிக்குதுக. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகை வந்தா கடக்காத்துல தலகாணி கூட பிசுபிசுங்குது, அதனால மெத்தையில என்ன இருக்கு, அதைக் காயப்போட முடியுமான்னு பாக்காம காசைக் குடுக்காதீக.

இலவம்பஞ்சை எடுத்துக்குங்க, போடிநாயக்கனூர் பக்கமிருந்து மூட்டை மூட்டையா வரும். இழை குழா மாதிரி, உள்ள வெறும் காத்துதான், மேல மெழுகு பூசுனாப்புல இருக்கும், அதான் தண்ணி ஒட்டாது. அந்தக் காலத்துல கப்பல்காரவுக லைஃப் ஜாக்கெட்டையே இதை அடைச்சுதான் தச்சாக, கடலுக்குப் போற அண்ணன்மாருக்கு இதுக்கு மேல சொல்ல வேணாம். ஒரு கிள்ளு எடுத்து கிண்ணத்துத் தண்ணியில போட்டுப் பாருங்க, மிதந்துக்கிட்டே கெடக்கும், மில்லுல கழிச்சுப் போட்ட பருத்திப் பஞ்சு கலந்திருந்தா அது மட்டும் நேரமாக ஆக ஊறி இறங்கிரும். விதை எடுக்காத பஞ்சா இருந்தா அமுக்கும்போதே உருண்டை உருண்டையா கையில தட்டும், வாங்காதீக, எலிக்குத்தான் விருந்து. நாளாக ஆக அமுங்கும், பிரிச்சு வெயில்ல காட்டி அடிச்சா மறுபடி உப்பிரும். தீ மட்டும் சட்டுனு பிடிக்கும், கொசுவத்தியை தள்ளியே வைங்க.

தேங்கா நார் மெத்தைன்னா நாரைச் சுருளாக்கி ரப்பர் பால் தெளிச்சு அழுத்தி சூட்டுல வேக வச்சது, கெட்டியா இருக்கும், காத்தும் உள்ள போய் வரும்.

வில்லங்கமே லேட்டக்ஸ்லதான். ரப்பர் மரத்துப் பாலை நுரை அடிச்சு அச்சுல ஊத்தி வேக வச்சா அது நெசமான லேட்டக்ஸ், பெட்ரோலியத்துல செய்யுறதும் அதே பேருலதான் விக்குது, ரெண்டையும் கலந்துட்டு நேச்சுரல்னு ஸ்டிக்கர் ஒட்டிர்றவுகளும் இருக்காக. ஆர்கானிக் லேட்டக்ஸுக்குன்னே உலக அளவுல குடுக்குற ஜி.ஓ.எல்.எஸ் சர்டிபிகேட் கேளுங்க, அதுக்கு 95 சதவீதத்துக்கு மேல ஆர்கானிக் ரப்பர் பால் இருக்கணும். மேலுறை பருத்தித் துணிக்கு ஜி.ஓ.டி.எஸ்னு தனியா ஒண்ணு.

என் கூத்தைச் சொல்றேன். மக கல்யாணத்துக்கு லேட்டக்ஸ் மெத்தை எடுத்தோம், நான்தான் பெரிய மெத்தைக்காரனாச்சே, இலவம்பஞ்சு பழக்கத்துல அக்கினி நட்சத்திரத்துல உறையைக் கழட்டி மொட்டை மாடியில போட்டுட்டு தொழிலுக்குப் போயிருவேன், தெனமும் இதே வேலை. பத்து நாள்ல மஞ்சளாகிப் போச்சு, தடவுனா பிஸ்கட் தூளாட்டம் உதிருது. ரப்பருக்கு வெயில் ஆகாதுன்னு மருமகன்தான் சொல்றாரு, எனக்கு மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல. லேட்டக்ஸ் வச்சிருக்கவுக நிழல்ல காத்தாட நிமித்தி வைங்க, உறையை மட்டும் வெயில்ல போடுங்க.