மாத்திரை மாறியதும் கொழுப்பு ஏறுவது ஏன்?

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுவரும் சேலத்துச் சகோதரிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இன்று ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்.

டமாக்சிஃபென் 20 மில்லிகிராம் சில ஆண்டுகள் சாப்பிட்டவர்களில், மாதவிடாய் முழுவதுமாக நின்றவர்களுக்கு லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் மாற்றித் தருவதுண்டு. அதன்பின் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். கூடியிருக்கும். புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது. கல்லீரலிலோ ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை செய்து எல்.டி.எல்.லைக் குறைக்கிறது. அதை நிறுத்தியதும் பழைய அளவு திரும்பிவிடுகிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான். மாத்திரை மாறும் முன் ஒரு முறையும், மாறிய மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் ரத்தக் கொழுப்புகளை அளக்கும் லிப்பிட் பரிசோதனை செய்து, இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் இருந்தால் கணக்கிட்டுப் போடும் எல்.டி.எல். எண்ணை நம்ப முடியாது. இரவு சாப்பாட்டுக்குப் பின் எதுவும் சாப்பிடாமல், காலையில் வெறும் வயிற்றோடு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

கொலஸ்ட்ராலே கட்டியை வளர்க்குமா? கொலஸ்ட்ராலிலிருந்து உடலில் உண்டாகும் 27-ஹைட்ராக்சிகொலஸ்ட்ரால், ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்து எலிகளில் மார்பகக் கட்டியை வளர்த்ததை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2013-ல் காட்டினார்கள். ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒன்றுபோல் பேசவில்லை. ஆகவே புற்றுநோயைத் தடுக்க என்று, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட வேண்டியதில்லை. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கத்தான் அது. சிகிச்சை முடிந்த வயதான பெண்களுக்கு இதய நோய் பெரிய ஆபத்து என்பதால், டாக்டர் எழுதிக் கொடுத்தால் தட்டாதீர்கள். ரிபோசிக்லிப் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அதோடு சிம்வாஸ்டாட்டின் சேர்ந்தால் தசை பாதிக்கப்படலாம், வேறு ஸ்டாட்டின் தருவார்கள்.

சாப்பாட்டில், நம் ஊர் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. அது அதிகமானால் ஏறுவது ட்ரைகிளிசரைடு. ஏற்காட்டுக் காப்பித்தூளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அப்படியே குடித்தால் எல்.டி.எல். கூடும், காகித வடிகட்டியில் இறக்கினால் அதற்குக் காரணமான கஃபெஸ்டால் பெரும்பாலும் காகிதத்திலேயே தங்கிவிடும்.

கொழுப்பு மாத்திரை தொடங்கும் முன் தைராய்டைப் பார்க்கும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும், அதைச் சரிசெய்தாலே சிலருக்கு இறங்கிவிடும்.