ஆஞ்சியோபிளாஸ்டி: அடைப்பு எங்கே போகிறது?

[திரையில்: துடிக்கும் இதயம், அதன் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் தமனிகள்]

உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இதயம், தனக்கு வேண்டிய இரத்தத்தை, மகாதமனியின் தொடக்கத்திலேயே பிரிந்து தன் மேல் படர்ந்து ஓடும் கரோனரி தமனிகள் வழியாகவே பெறுகிறது. இவற்றில் பெரியவற்றின் உள்விட்டமே ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அவற்றின் சுவருக்குள் கொழுப்பும் நார்த்திசுவும் சுண்ணாம்புச் சத்தும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து திட்டுகளாகத் தடிக்கும்போது பாதை குறுகுகிறது. உட்கார்ந்திருக்கும்போது போதுமானதாக இருந்த இரத்த ஓட்டம் மாடிப்படி ஏறும்போது போதாமல் போவதால், நெஞ்சில் இறுக்கமோ பாரமோ தோன்றுகிறது.

குறுகிய அந்த இடத்தை உள்ளிருந்தே விரிக்கும் சிகிச்சை ஆஞ்சியோபிளாஸ்டி. 1977 செப்டம்பர் 16 அன்று, சூரிச் நகரில், ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் என்னும் மருத்துவர், விழித்திருந்த ஒரு நோயாளியின் கரோனரி தமனியில் இதை முதன்முதலாகச் செய்தார். இன்றும் முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மணிக்கட்டையோ தொடையிடுக்கையோ மரத்துப்போகச் செய்து, அங்குள்ள தமனி வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத் தமனியின் வாய்வரை செலுத்துகிறார்கள்.

[திரையில்: எக்ஸ்ரே படம், சாயம் பாய, தமனியின் குறுகல் தெரிகிறது]

சாயம் செலுத்தியவுடன் குறுகல் தெரிகிறது. அரை மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாத ஒரு கம்பி அதைக் கடந்து செல்ல, அந்தக் கம்பியின் மேல் சுருங்கிய பலூன் நகர்ந்து சென்று, குறுகிய இடத்தில் சில நொடிகள் மிகுந்த அழுத்தத்தில் விரிக்கப்படுகிறது. அந்த நொடிகளில் அந்தத் தமனியில் இரத்தம் நின்றுவிடுவதால், நோயாளிக்குப் பழகிய அதே நெஞ்சுவலி வரக்கூடும். அதைத் தயங்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; பலூன் சுருங்கியதும் பெரும்பாலும் வலி தணிந்துவிடும்.

அடைப்பை எடுத்துவிட்டார்கள் என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். உண்மையில், வழக்கமான பலூன் சிகிச்சையில் எதுவும் வெளியே எடுக்கப்படுவதில்லை. திட்டு விரிசல் கண்டு சுவரோடு ஒதுங்குகிறது, தமனி விரிகிறது, அவ்வளவுதான். அதனால்தான் பலூன் மட்டும் பயன்பட்ட காலத்தில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதங்களுக்குள் அதே இடம் மீண்டும் குறுகியது. விரிந்த சுவரைத் தாங்கிப் பிடிக்கும் உலோக வலையான ஸ்டென்ட், 1986-இல் மனிதர்களுக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதனுள்ளும் திசு வளர்ந்து பாதையை அடைப்பதைத் தடுக்க, மருந்து பூசிய ஸ்டென்ட்டுகள் 2000-களின் தொடக்கத்தில் வந்தன.

[திரையில்: ஸ்டென்ட்டின் கம்பிகளை மெல்ல மூடும் உட்படலம்]

தமனியின் உட்படலம் வளர்ந்து கம்பிகளை மூடும்வரை, இரத்தம் அவற்றின்மீது உறையக்கூடும். அதைத் தடுக்கவே ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் போன்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்துத் தரப்படுகிறது. பொதுவாக, மாரடைப்புக்குப் பின் 12 மாதங்களும், மற்றவர்களுக்கு 6 மாதங்களும் இவை இரண்டும் தொடரும். இரத்தக்கசிவு அபாயத்தைப் பொறுத்து மருத்துவர் இந்தக் காலத்தை மாற்றலாம். வலி இல்லை என்பதாலோ, பல் பிடுங்க வேண்டும் என்பதாலோ, இதய மருத்துவரைக் கேட்காமல் இவற்றை நிறுத்தவே கூடாது. திடீரென ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து அடைபட்டால் அதுவே பெரிய மாரடைப்பாகும். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

ஆஞ்சியோபிளாஸ்டி எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. தமனி முழுவதும் அடைபட்ட மாரடைப்பில், இதயத்தசை நிமிடத்துக்கு நிமிடம் இறந்துகொண்டிருப்பதால், அது உயிர் காக்கும் சிகிச்சை; மருத்துவமனைக்கு வந்த 90 நிமிடங்களுக்குள் தமனியைத் திறந்துவிடுவதே இலக்கு. நடந்தால் மட்டும் வந்து, நின்றால் தணியும் நிலையான நெஞ்சுவலியின் கதை வேறு. 5000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், நல்ல மருந்துச் சிகிச்சையுடன் தொடக்கத்திலேயே ஸ்டென்ட்டோ பைபாஸோ சேர்ப்பது மரணத்தைக் குறைக்கவில்லை. வலி இருந்தவர்களுக்கு வலி குறைந்தது. இடப்பக்க முதன்மைத் தமனியில் கடும் அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே நிலையான வலி உள்ளவர், மருந்துகளைச் சரிசெய்து பார்த்தபின் முடிவெடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறேதும் இல்லை. நீரிழிவோடு பல தமனிகளில் அடைப்பு உள்ளவர், பைபாஸ் தமக்கு மேலானதா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும்.