டெக்சாஸ் விடுதலையும் பருத்திக்காட்டு அடிமைகளும்

[திரையில்: அலாமோ கட்டடத்தின் முகப்பு]

வணக்கம். மெக்சிகோவிலிருந்து பிரிய டெக்சாஸ் நடத்திய விடுதலைப் போர் என்றாலே எல்லோரும் காட்டுவது இந்த அலாமோ கோட்டையைத்தான். 1836 மார்ச் 6 அன்று மெக்சிகோ படை உள்ளே புகுந்து, எதிர்த்து நின்றவர்களை ஏறத்தாழ முழுதாகக் கொன்றது. அதற்கு நான்கு நாள் முன்பு வெளியான டெக்சாஸ் சுதந்திரப் பிரகடனத்தைப் படித்துப் பாருங்கள். மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னாவின் சர்வாதிகாரம், ஜூரி விசாரணை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை என்று குறைகளை வரிசையாகச் சொல்கிறார்கள். அடிமை முறையைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

சரி, சம்பந்தமே இல்லையா? நிறைய இருக்கிறது.

[வரைபடம்: பிராசோஸ், கொலராடோ ஆறுகள்]

மெக்சிகோ 1821-இல் ஸ்பெயினிடமிருந்து விடுபட்டது. அதன் வடக்கு எல்லையில் இருந்த டெக்சாஸுக்கு அமெரிக்கக் குடும்பங்களை அழைத்து வந்தவர் ஸ்டீபன் ஆஸ்டின். ஆற்றங்கரை வண்டலில் பருத்தி நன்றாக விளையும். கூட்டிவரும் அடிமை ஒவ்வொருவருக்கும் 80 ஏக்கர் கூடுதல் நிலம் என்று ஆஸ்டின் ஆசை காட்டினார். 1825-இல் அவருடைய குடியேற்றத்தில் இருந்தவர்கள் சுமார் 1,800 பேர்; அதில் 443 பேர் அடிமைகள்.

மெக்சிகோவுக்கு இது பிடிக்கவில்லை. டெக்சாஸ் அப்போது அடங்கியிருந்த மெக்சிகோ மாநிலத்துக்கு 1827-இல் வந்த அரசமைப்பு, இனி பிறக்கும் குழந்தை அடிமையில்லை என்றது. ஆறு மாதத்துக்குப் பிறகு அடிமைகளைக் கொண்டுவரவே கூடாது என்றது. குடியேறிகள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். எல்லை தாண்டும் முன்பே அடிமையிடம் 'வேலை ஒப்பந்தத்தில்' கைநாட்டு வாங்கிவிடுவார்கள். தன் விலையைத் தானே உழைத்து அடைக்க வேண்டும். துணிமணிச் செலவும் அந்தக் கடனிலேயே ஏறும். 99 வருட ஒப்பந்தங்கள்கூட உண்டு. காகிதத்தில் கூலியாள், உண்மையில் ஆயுள் முழுக்கக் கொத்தடிமை. இந்தக் கயமையைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

1829-இல் அதிபர் விசென்ட்டே கெரேரோ நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தார். அவரே ஆப்பிரிக்க வம்சாவளியினர். டெக்சாஸில் எதிர்ப்புக் கிளம்பியதும் அதற்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. ஆனால் அடுத்த சட்டம் எப்போது வருமோ என்ற பயம் பருத்தித் தோட்ட முதலாளிகளை விடவில்லை. முன்பு தயங்கிய ஆஸ்டினே 1833-இல், டெக்சாஸ் அடிமை முறை உள்ள நாடாகத்தான் இருக்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதிவிட்டார்.

போருக்கு வேறு காரணங்களும் இருந்தன. சாந்தா அன்னா மெக்சிகோவின் 1824 அரசமைப்பைத் தூக்கி எறிந்தது பொய்யில்லை. ஹுவான் செகின் போன்ற மெக்சிகோ வம்சாவளியினரும் அதை எதிர்த்துத்தான் போராடினார்கள். ஆனால் ஜெயித்தால் எப்படிப்பட்ட நாடு வேண்டும் என்று தலைவர்கள் எழுதிவைத்தது வேறு.

[திரையில்: 1836 அரசமைப்பு, பொது விதிகள், பிரிவு 9]

பிரகடனத்துக்குப் பதினைந்தே நாளில், மார்ச் 17 அன்று, புதிய அரசமைப்பு நிறைவேறியது. பிரிவு 9 என்ன சொல்கிறது? அடிமைகளாக வந்தவர்கள் அடிமைகளாகவே இருப்பார்கள். குடியேற வருபவர் அடிமைகளைக் கொண்டுவருவதை நாடாளுமன்றம் தடுக்க முடியாது, அடிமைகளை விடுவிக்கவும் முடியாது. மனம் மாறிய முதலாளிகூட, நாட்டைவிட்டு வெளியே அனுப்பினாலொழிய, நாடாளுமன்ற அனுமதியின்றித் தன் அடிமையை விடுவிக்கக் கூடாது. பிரகடனத்தில் மறைந்திருந்தது இங்கே பச்சையாக வெளிவருகிறது.

அதே பிரிவின்படி, சுதந்திரமான கறுப்பினத்தவரும் அனுமதியில்லாமல் அங்கே நிரந்தரமாக வசிக்க முடியாது. சாமுவேல் மெக்கல்லக் என்ற கறுப்பினத்தவர் 1835 அக்டோபரில் கோலியாட் தாக்குதலில் டெக்சாஸ் தரப்பில் போரிட்டுத் தோளில் குண்டு வாங்கியவர். அந்தப் போரில் காயம்பட்ட முதல் டெக்சாஸ் வீரர் அவர்தான் என்பார்கள். அப்படிப்பட்டவரே அங்கே தொடர்ந்து வாழ, நாடாளுமன்றத்துக்கு மனுப் போட வேண்டியிருந்தது.

போரில் தோற்ற சாந்தா அன்னாவுடன் மே மாதம் கையெழுத்தான வெலாஸ்கோ ஒப்பந்தத்தில், மெக்சிகோ படையிடம் அடைக்கலம் தேடிய அடிமைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து. கால்நடைகளும் குதிரைகளும் இருக்கும் அதே பட்டியலில்!

மறு வருடம், 1837-இல், மெக்சிகோ அடிமை முறையை அடியோடு ஒழித்தது. பின்னர் அமெரிக்காவோடு இணைந்த டெக்சாஸிலோ அடிமைகளின் எண்ணிக்கை 1860-க்குள் 1,82,566 ஆகிவிட்டது. அவர்களுக்கு விடுதலை ஆணை கால்வெஸ்டனில் அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19 அன்று.