நம்பர் பிளேட்டில் ஒளிந்திருக்கும் நீளச் சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாலு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து, “இந்த நாலும் வருகிற மாதிரி நீளமாக ஒரு சொல் சொல்லுங்கள்” என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலானவர்கள் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவார்கள். மன்னார்குடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி ஓய்ந்தவள் நான். இந்த விளையாட்டு எனக்கு நெடுநாள் பைத்தியம். இதற்குக் காகிதம், பேனா எதுவும் வேண்டாம். முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட் போதும்.

தஞ்சாவூர் வண்டி என்றால் டி.என். 49, திருவாரூர் 50, நாகப்பட்டினம் 51, கும்பகோணம் 68. அதற்குப் பிறகு ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ வரும், அப்புறம் வண்டி எண். எண்களை விட்டுவிடுங்கள். டி, என், அப்புறம் அந்தப் பின்னெழுத்துகள், இத்தனையும் உள்ளே இருக்கிற ஒரு சொல் வேண்டும். எந்த வரிசையில் இருந்தாலும் சரி. யார் சொல் நீளமோ அவர் ஜெயித்தார்.

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக மன்னார்குடி வருகிறவர்களுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தடவை கேட் போட்டிருந்தது. எங்கள் பஸ்ஸுக்கு நேர் முன்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி, தார்ப்பாய்க்குக் கீழே பிளேட் பளிச்சென்று தெரிகிறது. தஞ்சாவூர் வண்டி, பின்னெழுத்து பி, கே. பி என்றால் பாம்பேக்கு வருகிற பி, பாண்டிச்சேரிக்கு வருவது இல்லை. வானொலியில் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்!

பக்கத்தில் ப்ளஸ் டூ படிக்கிற பையன் உட்கார்ந்திருந்தான். “தம்பி, டி, என், பி, கே. நாலும் வரணும், சொல்லு பார்ப்போம்” என்றேன். “பேங்க்” என்றான். டி எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தான். “டீச்சர், எம்பாங்க்மென்ட்!” பத்து எழுத்து. வெண்ணாற்றுக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அது வராமல் வேறு யாருக்கு வரும்? நான் விடுவேனா, ‘அன்திங்க்கபிள்’ என்றேன், பதினொன்று. அவன் முகம் சுருங்கிவிட்டது. கம்பியில் சாய்ந்து டிக்கெட் கணக்கை எழுதிக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிராமலே, “ஹார்ட்பிரேக்கிங்” என்றார். விரல் விட்டு எண்ணினோம், 13! எனக்கு வாயடைத்துப் போயிற்று. அதற்குள் பையன் துள்ளி எழுந்து, “கடைசியில் எல், ஒய் சேர்த்தால் 15, டீச்சர்!” ஹார்ட்பிரேக்கிங்லி. அன்றைக்கு ஜெயித்தவன் அவன்தான். கேட் திறந்து பஸ் நகர்ந்த பிறகும் அவன் லாரிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

பையன் கடைசியில் செய்தான் பாருங்கள், சூட்சுமமே அதுதான். முதல் எழுத்தை விடுங்கள், வாலைப் பிடியுங்கள். ஆங்கிலத்தின் நீளச் சொற்கள் ரயில் பெட்டிகள் மாதிரி, கோத்துக்கொண்டே போகலாம். நமக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. ‘மென்ட்’ என்று முடிகிற சொல்லில் டியும் என்னும் தானாகவே வந்துவிடும். ‘ஷன்’ என்று ஒலிக்கிற டி, ஐ, ஓ, என்னிலும் அப்படியே. முன்னால் ‘இன்டர்’, ‘கவுண்டர்’ போட்டாலும் அப்படித்தான். ஆக, நம் ஊர் பிளேட்டில் பாதிக் கணக்கு முதலிலேயே தீர்ந்துவிடுகிறது. மீதி இரண்டு எழுத்துக்கு மட்டும் இடம் தேடினால் போதும்.

அந்த இரண்டும் கஷ்டமான எழுத்தாக இருந்தால் பயப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். ஆர், எஸ் வந்தால் ஆயிரம் சொல் தோன்றும், எதைச் சொன்னாலும் அதைவிட நீளமாக ஒன்று எங்கோ உட்கார்ந்திருக்கும். ஜே, எக்ஸ் வந்தால் போகிற பாதை ஒன்றிரண்டுதான். ‘ஜக்ஸ்டபொசிஷன்’, 13 எழுத்து, டியும் என்னும் உள்ளேயே இருக்கின்றன. கியூவும் இசட்டும் வந்தால் ‘குவான்டைசேஷன்’, இசட் போட்டு எழுதினால் 12. கியூ, எக்ஸ் என்றால் ‘எக்ஸ்குவிசிட்னெஸ்’, 13. அபூர்வ எழுத்தை முதலில் வையுங்கள், வாலை அப்புறம் மாட்டுங்கள். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் கோக்கிற ஸ்க்ராபிள் விளையாட்டை உண்டாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் பத்திரிகைப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் கியூவுக்கும் இசட்டுக்கும் 10 மதிப்பெண் வைத்தார். நூறு கட்டையில் ஈ மட்டும் பன்னிரண்டு, கியூ ஒன்றே ஒன்று. டைப் அடித்தவர்களுக்கு இது கையிலேயே தெரியும். கியூவையும் இசட்டையும் அடிக்கிற இடது சுண்டுவிரல் அந்த இரண்டுக்காக அடிக்கடி நகர்ந்ததே கிடையாது.

அரசு பஸ் பின்னால் மாட்டிக்கொண்டால் சுவாரஸ்யம் குறைவு, அதில் பின்னெழுத்து பெரும்பாலும் ‘என்’ ஒன்றுதான் இருக்கும். இரண்டு என் வருகிற சொல் தேட வேண்டியதுதான்.

எழுத்தை வைத்து விளையாடுவது வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். சீர்காழிச் சம்பந்தர், கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாட்டாக வருகிறபடி ஒரு பதிகமே பாடியிருக்கிறார். மாலைமாற்று என்பார்கள். அவர் முன்னால் நம் லாரி விளையாட்டெல்லாம் எம்மாத்திரம்! ஆனாலும் நம்மால் முடிந்தது இதுதானே.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. உயிரெழுத்து ஐந்தும் வருகிற சொற்களைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். இரண்டை மட்டும் சொல்கிறேன். ‘ஃபசீஷியஸ்’ என்பதில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் அதே வரிசையில் வரும். ‘சப்கான்டினென்டல்’ என்பதில் அப்படியே தலைகீழ். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு வருகிற சொல்லும் ஒன்று உண்டு. அரிப்புக்குக் கொடுக்கிற மருந்தின் பெயர்தான், ஹைட்ராக்சிசின். மருந்துச் சீட்டு பழசு கிடந்தால் எடுத்துப் பாருங்கள். வணக்கம்.