யாருக்காக நிற்கிறீர்கள்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று நாலு நாளாக என்னை விடவில்லை. மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: "தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். விடியற்காலையில் ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுகிறது. நாலு பக்கமும் ஒரு ஆள் கிடையாது. நான் நிற்கிறேன். நேற்று பின்னால் வந்த இன்னொரு சைக்கிள்காரர் என்னைத் தாண்டும்போது, 'யாருக்காக சார் நிற்கிறீங்க?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் செய்தது தப்பா, இல்லை நான்தான் அர்த்தமில்லாமல் நிற்கிறேனா?"

யாருக்காக நிற்கிறீங்க! அவர் போகிற போக்கில் கேட்டிருப்பார். ஆனால் போக்குவரத்து விதியைப் பற்றி இதைவிட நல்ல கேள்வி கேட்க முடியாது என்று நினைக்கிறேன்.

முதலில் தாண்டிப் போனவர் பக்கத்தைப் பார்ப்போம். கார் ஓட்டுபவருக்கு நின்று கிளம்புவது பாதத்தின் வேலை. சைக்கிளில் அது தொடையின் வேலை. மிதித்து மிதித்துச் சேர்த்த வேகத்தை பிரேக்கில் கரைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து மிதிக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று. சில சந்திப்புகளில் சாலைக்கு அடியில் கம்பிச்சுருள் பதித்திருப்பார்கள். மேலே ஒரு வண்டி வந்து நின்றால், அதன் உலோகத்தால் சுருளின் மின்தூண்டல் மாறும். அதை வைத்துத்தான் சிக்னல் பச்சைக்கு மாறுகிறது. கார் வந்தால் உடனே தெரிந்துவிடும். சைக்கிள் பல நேரம் அதன் கணக்கிலேயே வராது. அப்படிப்பட்ட இடத்தில் சைக்கிள்காரர் எவ்வளவு நேரம் நின்றாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். இது அவர் குற்றமில்லை.

இதைப் புரிந்துகொண்டு சட்டத்தையே மாற்றிய இடங்கள் உண்டு. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம் 1982-இலேயே ஒரு சட்டம் கொண்டு வந்தது. 'நில்' பலகை இருக்கும் இடத்தில் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, வழி விட வேண்டியவர்களுக்கு வழி விட்டு, நிற்காமலேயே போகலாம். சிவப்பு விளக்கு என்றால் முழுதாக நின்று, பார்த்து, வழி விட்டு, பிறகு போகலாம். இந்த மாதிரி சின்ன வழக்குகள் நீதிமன்றத்தில் குவிந்து கிடந்ததும் அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம். ஆர்கன்சா போன்ற மாநிலங்கள் பின்னால் வந்து சேர்ந்தன. டெலவேர் 'நில்' பலகைக்கு மட்டும் இதை ஏற்றுக்கொண்டது. பாரிஸில் சில சந்திப்புகளில் சைக்கிளுக்கென்று ஒரு சின்ன முக்கோணப் பலகை இருக்கும். அது காட்டும் திசையில் சிவப்பிலும் போகலாம். ஆனால் நடந்து வருபவர்களுக்கு முதலில் வழி விட வேண்டும்.

கவனித்தீர்களா? ஐடஹோ ஆகட்டும், பாரிஸ் ஆகட்டும், 'நிற்க வேண்டாம்' என்று சொன்ன இடத்திலும் 'வழி விட வேண்டாம்' என்று யாரும் சொல்லவில்லை. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நிற்பதைப் பற்றிய வீடியோவில் ஒன்று சொன்னேன், தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். விதி என்பது முகம் தெரியாத ஒருவரோடு நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். அன்றைக்கு வரிசையை வைத்துச் சொன்னேன். இன்றைக்கு என் வாழ்க்கையில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் தாண்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, சிவப்பு விழுந்திருந்தது. இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன், ஒரு வண்டி இல்லை. மிதித்தேன். அந்த நேரத்தில் ஓரத்திலிருந்து ஒருவர் சாலையில் இறங்கிவிட்டார். கையில் வெள்ளைக் கோல். கண் தெரியாதவர் சாலையைக் கடப்பது எதை நம்பி? காதை நம்பி. வண்டிச் சத்தம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் அவர் இறங்கினார். என் சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. அவர் கோலுக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் நான் கடந்து போனேன். மோதவில்லை. காற்றுதான் பட்டிருக்கும். அவர் கோலை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து ஓரத்தில் ஏறிவிட்டார். நான் அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். அந்தப் பச்சையை அவர் விட்டுவிட்டார். அடுத்த பச்சையையும் விட்டுவிட்டார். மூன்றாவது தடவைதான் இறங்கினார்.

வண்டி இருக்கிறதா என்று மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். ஆள் இருக்கிறாரா என்று பார்க்கவில்லை. 'யாருமே இல்லை' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் 'என்னை இடிக்கக்கூடியது எதுவும் இல்லை' என்றுதான் அர்த்தம். நான் இடிக்கக்கூடியவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவரோடுதான் ஒப்பந்தம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரத்தில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2008-இல் வெளியிட்டார்கள். கார் நிறுத்தும் இடத்தின் வாசலில் ஒரு தடுப்பு வேலி. அதில் இரண்டு பலகை. 'இந்த வழியாகப் போகாதீர்கள், சுற்றிப் போங்கள்' என்பது ஒன்று. 'வேலியில் சைக்கிளைப் பூட்டாதீர்கள்' என்பது இன்னொன்று. வேலியில் ஓர் இடைவெளி, ஆள் நுழையலாம். சைக்கிள்கள் வேலியைத் தொடாமல் தள்ளி நின்றபோது 27 சதவீதம் பேர் அந்த இடைவெளியில் நுழைந்தார்கள். அதே சைக்கிள்களை வேலியில் பூட்டி வைத்தபோது 82 சதவீதம் பேர் நுழைந்தார்கள். மீறப்பட்டது சைக்கிள் விதி. பக்கத்தில் உடைந்ததோ வேறு விதி. ஆகவே நண்பரே, அந்த விடியற்காலையில் நீங்கள் நிற்பதை யாராவது பார்த்தால் அதற்கும் மதிப்பு உண்டு.

இப்போது, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஆசை. சைக்கிள்காரர் சிவப்பைத் தாண்டினால் ஏன் எல்லார் கண்ணிலும் படுகிறது? அதே தெருவில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய கார் 60-இல் போனால் ஏன் யாருக்கும் அது விதிமீறலாகவே தெரிவதில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால், அதன் இயக்க ஆற்றல், அதாவது மோதினால் வெளிப்படும் ஆற்றல், சுமார் 1,100 ஜூல். 1,200 கிலோ கார் 54 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 1,35,000 ஜூல். நூறு மடங்குக்கும் மேல்! 50 என்பது 60 ஆனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, மோதும் ஆற்றல் 44 சதவீதம் கூடிவிட்டது. இந்தக் கணக்கில் வேகத்தை அதே வேகத்தால் பெருக்க வேண்டும் அல்லவா, அதனால். 'எல்லாரும் போகிற வேகம்தானே' என்று சொல்கிறோம். 'ரெண்டு நிமிஷம்தான்' என்று நடைபாதையில் வண்டியை ஏற்றி நிறுத்துகிறோம், சக்கர நாற்காலியில் வருபவர் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. அப்படி வண்டியை நிறுத்தியவரிடமும் அந்த சைக்கிள்காரர் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம், கொஞ்சம் மாற்றி: யாருக்காக நிறுத்தியிருக்கிறீங்க?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர்ச் சட்டம் சைக்கிளுக்கு விலக்கு தரவில்லை என்றால் நில்லுங்கள். நீங்கள் அர்த்தமில்லாமல் நிற்கவில்லை. ஆனால் தினமும் அங்கே வெகுநேரம் காத்திருக்க நேர்கிறது என்றால், தரையைப் பாருங்கள். சாலையை வெட்டி அடைத்த கோடு, செவ்வகமாகவோ வட்டமாகவோ, தெரிகிறதா? தெரிந்தால் அதன் நடுவில் நிற்காமல், இரண்டு சக்கரமும் அந்தக் கோட்டின் மேலேயே இருக்கும்படி நிறுத்துங்கள். கம்பி அங்கேதான் ஓடுகிறது, சைக்கிளை அது உணர வாய்ப்பு அதிகம். அப்படியும் மாறவில்லை என்றால் சிக்னலைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு எழுதுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் படிக்கிறேன்.